இழைக்குக் குறுக்கே ஒரு கோடு

ஆயுத பூஜை அன்று நாற்பது வெல்டர்கள் முன்னிலையில் பூங்கொடியின் மானம் கப்பலேறியது.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கிற பட்டறையில் அவள்தான் இன்ஸ்பெக்டர். வெல்டிங் செய்த குழாய்களுக்குள் டார்ச் அடித்து, குச்சியில் கோத்த சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அப்பேர்ப்பட்டவள், பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்த கையோடு, ஒரு பாட்டு வாசிக்கிறேன் என்று கிட்டாரைத் தூக்கினாள். செகண்ட் ஹேண்டில் அப்போதுதான் வாங்கியது. இரண்டாவது வரியிலேயே டப்பென்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் என்கிற மரக்கட்டை அடியோடு பெயர்ந்து எகிறி, அவள் கையிலேயே ஒரு போடு போட்டது.

அதற்கப்புறம் டீ நேரமெல்லாம் கச்சேரிதான். கச்சேரி நடத்துகிறவன் மோகன். பட்டறையில் அதிகப் பெருக்கல் குறி வாங்கியவனும் அவன்தான்.

"இரும்புல ஊசி ஓட்டயக் கண்டுபுடிக்கிறீங்கோ. மரம் பேந்துகினு இருந்தது கண்ணுக்குத் தெர்லயா மேடம்?"

அவன் சொன்னது நிஜம். கிட்டார் நீலக் கலரில் பளபளத்தது, தட்டினால் இனிமையாகக் கேட்டது, வாங்கிவிட்டாள். பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் பார்க்காமல் வாங்கினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

அவமானத்தைக்கூட அடக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் லோகநாயகி, அவளை ஒரு மணி நேரம் பாடவைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். "நல்லா கீதுன்னா வாரா வாரம் நீதான். வரலன்னா வேற ஆள வச்சிக்குவேன், அப்பால வந்து நிக்காத" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். நான்கு வருஷமாக மொட்டை மாடியில் தனியாகப் பாடியவளுக்கு இது முதல் மேடை. கையில் கிட்டார் இல்லை.

சனிக்கிழமை காலையில் பொத்தேரிக்குக் கிளம்பினாள். காலேஜ் பசங்கள் கிட்டார் விற்பதாக நெட்டில் போட்டிருந்தார்கள். மோகன் பைக்கோடு வந்து நின்றான்.

"நீ எதுக்கு?"

"இன்னொரு தபா நீங்கோ ஏமார்றத நேர்ல பாக்க வாணாமா?"

பசங்கள் வாடகைக்கு இருந்தது இரண்டாவது மாடி அறையில். விற்கிறவன் பெயர் விஷால், கடைசி வருஷம். கறுப்பு கிட்டார் ஒன்றை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஒரு முறை மீட்டினான், அறையே நிறைந்தது. பூங்கொடிக்கு வாய் ஊறியது. ஆனால் இந்த முறை காதை மூடி வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

கிட்டாரின் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தாள். நேராக இருந்தது. பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரிட்ஜின் விளிம்பைச் சுற்றி நுழைக்கப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை. ஸ்டீல் ஸ்கேலைப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தாள். வீக்கமும் பெரிதாக இல்லை.

"சூப்பர் கண்டிஷன்க்கா" என்றான் விஷால்.

"எடுத்துட வேண்டிதான்" என்றான் மோகன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் பின்பக்கம் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பூங்கொடி கட்டைவிரல் நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் ஏறி இறங்கியது.

"இத உரிக்கலாமா தம்பி?"

"ஐயோ அக்கா, அது லிமிடெட் எடிஷன்!"

"கிட்டாரா, ஸ்டிக்கரா?"

விஷால் வாயைத் திறப்பதற்குள் மோகன் உரித்தேவிட்டான். கீழே மரத்தைச் சுற்றி ஒரு விரிசல், மேலே காய்ந்துபோன பசை. பூங்கொடி பஸ் டிக்கெட்டின் முனையை வைத்தாள், உள்ளே போனது. கம்பிகளின் இழுப்பு முழுவதையும் தாங்கவேண்டிய இடம் அது. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாட்டில் தலை தனியாகக் கழன்றிருக்கும்.

"கட்டில்லேர்ந்து விழுந்துச்சுக்கா" என்றான் விஷால், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் எழுந்தாள். தப்பித்தோம் என்று சந்தோஷப்படவா, கிட்டார் இல்லையே என்று அழவா, தெரியவில்லை. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய இன்னொரு கிட்டார் கண்ணில் பட்டது. அதன் மேல் ஈரத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அது ஆதித்யாவோடது. வேஸ்ட்" என்றான் விஷால்.

கட்டிலில் படுத்திருந்த ஆதித்யா தலையைத் தூக்கினான். "மூணு பேர் வந்து பாத்துட்டு ஓடிட்டாங்கக்கா. முன்பலகை வெடிச்சுப் போச்சு. வேணும்னா சொன்ன விலைல பாதி குடுங்க."

துண்டை விலக்கினாள். பலகை நடுவிலிருந்த துளைக்கு அருகிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் சாய்வாக ஒரு நீளக் கோடு. பார்த்தாலே பயமாகத்தான் இருந்தது. மோகன் உச்சுக்கொட்டினான்.

பூங்கொடி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். செல்போன் டார்ச்சைப் போட்டுக் கிட்டாருக்குள் இறக்கினாள். இருட்டில் நடுத்துளை மட்டும் பளிச்சென்று எரிந்தது, கோட்டின் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. பையிலிருந்து பட்டறைக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தாள். பலகையின் உள்முகம் சுத்தமாக இருந்தது. பலகையை உள்ளிருந்து தாங்கும் மரச்சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒட்டியிருந்தன. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள், எங்கும் அதிரவில்லை. பிறகு ஜன்னலைத் திறந்து கோட்டையே உற்றுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணாத்த, நீ வெறகு பொளந்துகீறியா?"

"எங்க ஊட்ல நாந்தான் பொளப்பேன். அதுக்கின்னா இப்போ?"

"மரம் எப்டி பொளக்கும்? இழையோடவா, குறுக்கவா?"

"இழையோடத்தான்."

"இந்தக் கோட்டப் பாரு."

மோகன் குனிந்தான். மரத்தின் இழைகள் மேலிருந்து கீழாக நேராக ஓடின. கோடு அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போனது. அவன் நிமிரவே இல்லை.

"மேல பூசின வார்னிஷ்தான் வெடிச்சிருக்கு. ஏசி ரூம்லேர்ந்து நேரா வெயில்ல எடுத்துக்கினு போனியா?" என்று ஆதித்யாவைக் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"ஒரே ஒரு தபா சொல்றேன், கேட்டுக்க. இது நல்ல கிட்டார். மரத்துல கீறல் இல்ல. பாதி வெல வாணாம், நீ போட்ட வெலயே வாங்கிக்க."

மோகன் அவள் முழங்கையைக் கிள்ளினான். ஆதித்யா அவளைப் பாவமாகப் பார்த்தான்.

"எனக்கு ஆறுதல் சொல்லாதீங்கக்கா. பாதியே போதும், எடுத்துட்டுப் போங்க."

திரும்பும் வழியில் மோகன் ஒரு டீக்கடையில் பைக்கை நிறுத்தினான். இரண்டு டீ சொல்லிவிட்டு, "நா பாத்திருந்தா அந்தக் கறுப்பத்தான் வாங்கிருப்பேன்" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்ததில் பூங்கொடிக்கு டீயே பாயசமாக இனித்தது.

ஞாயிறு மாலை லோகநாயகியின் கடையில் உட்கார இடமில்லை. கடல்காற்று மைக்கில் மோதியது. முதல் பாட்டை மெல்லத்தான் வாசித்தாள், இரண்டாவதில் தயக்கம் போனது. ஓங்கி மீட்டினாள். கட்டை பெயரவில்லை, தலை சாயவில்லை, சுருதி இம்மியும் இறங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். பட்டறை ஆட்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மோகன், விசிலடித்தே தொண்டையைக் கெடுத்துக்கொண்டான். இடைவேளையில் லோகநாயகி கையைத் துடைத்தபடி வந்து, "அடுத்த வாரம் ஆறு மணிக்கே வந்துடு" என்றாள். பூங்கொடிக்கு அந்த இடத்திலேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். விஷால், அவன் பின்னால் ஆதித்யா. மோகன்தான் போன் போட்டு வரவழைத்திருந்தான். ஆதித்யா பலகை மேல் ஓடிய கோட்டைத் தொட்டுப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இது என்னுதா? இப்படி ஒரு சவுண்டா? டபுளா தர்றேன், திருப்பிக் குடுத்துடுங்க."

"உன் ரூம்ல உக்காந்து, உன் மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன், நல்ல கிட்டார்னு. நீ நம்பல" என்றாள் பூங்கொடி. "இப்ப இது என்னுது. அப்டி உக்காரு, அடுத்த பாட்டக் கேட்டுட்டுப் போ."

கம்பியில் விரல் வைத்தாள். ஆதித்யா மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.