திருப்பிப் பிடித்த வாள்

1

இந்தக் கதை ஒரு கல்யாண விருந்தில் பிறந்தது. எங்கள் லியூகூ நகரைக் கொள்ளையிலிருந்து காப்பாற்றியது தங்கள் முன்னோர்தான் என்றார்கள் மெங் வீட்டார். எங்கள் முன்னோர் என்றோம் சீ வீட்டாராகிய நாங்கள். பன்றிக்கறிக் கொழுக்கட்டை ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். நான் எழுதி முடிவு கட்டுகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டேன். கொஞ்சம் கர்வம்தான். எங்கள் ஊருக்கே அது உண்டு.

2

"தலைநகர் சாங்கானிலிருந்து பேரரசரின் குதிரைகள் புழுதி கிளப்ப..."

(இந்தத் தொடக்கம் வேண்டாம். அன்று அங்கிருந்து யாரும் வரவில்லை.)

சீன தேசத்தில் தாங் பேரரசு தளர்ந்திருந்த காலம். எங்கள் படை ஆளுநர் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்தவரை நியமிக்க வேண்டியவர் பேரரசர். ஆனால் எங்கள் ஹேபெய் பகுதியில் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. காவல்படை வீரர்களே ஒருவரைப் பிடித்து ஆளுநரின் அங்கியை மாட்டிவிடுவார்கள். பதிலுக்கு அவர் கடைவீதியை மூன்று நாள் அவர்கள் கொள்ளையடிக்கத் திறந்துவிட வேண்டும். மறுத்தால் தலை போகும்.

3

துணைத் தளபதி மெங் ஷுவோ தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அப்படியே இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தி அங்கியைப் போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காவல்படைத் தலைவன் சீ பாவ் வாளை உருவினான். அவன்தான் என் முன்னோன்.

"என்ன தளபதி, தலை வேணாமா?"

"வேணும். ஊரை வித்து வாங்குற தலைதான் வேணாம்."

"பசங்க கேக்க மாட்டாங்க."

மெங் ஷுவோ அவனை நிமிர்ந்து பார்த்தார். "கடைவீதி முனையில இருக்கிற எள்ளெண்ணெய்க் கடை யாரோடது, பாவ்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க. என் மாமனாரோடது."

"அப்போ அதுலேருந்து ஆரம்பிங்க. நீயே முதல்ல கதவை ஒடை."

[இங்கே அவர் சிரித்ததாக எழுதி அடித்துவிட்டேன். சாவை எதிரே வைத்துக்கொண்டு சிரிப்பவரை எனக்கு நம்பத் தெரியவில்லை. அவர் பயந்திருப்பார். பயந்துகொண்டே சொன்னார் என்பதுதான் எனக்குப் பெருமை.]

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கும் அந்த வீதியில் அக்கா, தங்கை, கொழுந்தியா இருந்தார்கள். வெளியூரிலிருந்து சேர்ந்தவர்களோ முணுமுணுத்தபடி வாசலை நோக்கி நகர்ந்தார்கள். சீ பாவ் ஓடிப்போய் வாசலை மறித்து, வாளை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"போறவன் என்னை வெட்டிட்டுப் போகட்டும்."

யாரும் போகவில்லை. ஒவ்வொருவராகப் பாசறைக்குத் திரும்பினார்கள். கொள்ளை இல்லை என்று உறுதியாகி, கடைசி ஆளும் போன பிறகுதான் மெங் ஷுவோ எழுந்து, தானே அங்கியைப் போட்டுக்கொண்டார்.

4

யார் காப்பாற்றியது? மறுத்தவரா, மறித்தவனா? முடிவு கட்டுவதாகச் சொன்ன எனக்கு, எழுதிய பிறகு ஒருவரைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதிலும் இரண்டு பேச்சு. பேரரசரின் நியமன முத்திரை வந்து, மெங் ஷுவோ தலை நரைக்கும்வரை ஆண்டார் என்பது ஒன்று. அந்தக் குளிர்காலத்திலேயே காவல்படை இருவரையும் வெட்டிப்போட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் எழுதிப்பார்த்தேன், இரண்டுமே நடந்திருக்கக்கூடியவை.

ஆகவே நான் இங்கே நிறுத்துகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். வாழவைப்பதானால் வாழவையுங்கள், கொல்வதானால் கொல்லுங்கள். கடைவீதியில் மட்டும் கை வைக்காதீர்கள். அன்று சாயங்காலம் அங்கே ஒரு கடைகூட மூடவில்லை.