மேயருக்கு ஒரு நன்றி

அலபாமாவின் கார்வெல் நகரில் நீச்சல் குளம் வெள்ளையருக்கு மட்டும். கறுப்புப் பிள்ளைகள் குளிக்க ஊரில் ஓடும் ஆறுதான். போன கோடையில் அது ஆசிரியை ஒடீலியா பர்டெட்டின் மாணவன் ஒருவனை இழுத்துக்கொண்டு போயிருந்தது. குளம் எல்லோருக்கும் பொது என்று 1961இல் நீதிமன்றம் சொன்னதும், மேயர் கேட்டன் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். மறுவாரமே லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடி, மேலே புல்லும் நட்டார்.

ஒடீலியா கறுப்பர்களின் வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுபவள். அந்த வாரம் மேயருக்கு நன்றி சொல்லி எழுதினாள். 'எங்கள் பிள்ளைகளைக் குளத்தில் இறங்கவிடாமல் இத்தனை வருஷம் காப்பாற்றினீர்கள். இப்போது உங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றிவிட்டீர்கள். இந்த ஊர் கண்ட முதல் சமத்துவம் இதுதான், ஐயா.'

"ஏம்மா, இதைப் படிச்சா அந்தாளு நம்மளைச் சும்மா விடுவானா?" என்றார் பத்திரிகை நடத்தும் லூஷியஸ்.

"புரிஞ்சாத்தானேண்ணே!"

புரியவில்லை. மேயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் ஊர்க் கறுப்பர்களுக்கு எவ்வளவு நன்றியுணர்ச்சி பாருங்கள் என்று, வெள்ளையரின் நாளிதழில் முதல் பக்கத்திலேயே அதைப் போடவைத்தார். ஆகஸ்ட் வெயிலில் பிள்ளைகளை வீட்டுக்குள் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாய்மார்களுக்குப் படித்ததும் புரிந்தது. முடிவெட்டும் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, கடையே சிரித்ததாம். கடைசியில் மேயரின் மனைவிதான் அவரை உட்காரவைத்து வரிவரியாக விளக்கினாள்.

"லூஷியஸ்! அந்தப் பொம்பளை சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கணும், ஆமா!" என்று தொலைபேசியில் கத்தினார் மேயர்.

அன்று மாலையே பத்திரிகை அலுவலகத்தின் கண்ணாடியைக் கல் ஒன்று உடைத்தது. ஒடீலியா குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"போதும் ஒடீலியா. அவன் கேட்டதை எழுதிக் குடுத்துடும்மா" என்றார் லூஷியஸ்.

எழுதிக் கொடுத்தாள். 'மேயர் அவர்களின் விருப்பப்படி, அவருக்குச் சொன்ன நன்றியை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

லூஷியஸ் படித்தார், தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார், அச்சுக்கு அனுப்பினார்.

பள்ளி வாரியம் ஒடீலியாவை வேலையிலிருந்து நீக்கியது. பணிவு போதவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை லூஷியஸின் அலுவலகத்துக்கு வந்து காலியான ஒரு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த வாரம் நன்றி யாருக்கும்மா?"

"பள்ளி வாரியம்ணே. பெரிய மனுஷங்க, ஆளுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க."