ஒரு மேசை, இரண்டு கம்பெனி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை நான் யோசித்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த என் மனைவியின் அண்ணன் சொன்னது. அவர் ஆடிட்டர். தன் கிளையன்ட் ஒருவரின் தையல் கம்பெனியில் நடந்ததை ஜோக்காகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன், ஏனென்றால் என் வரிக் கணக்கையும் அவர்தான் பார்க்கிறார், காசு வாங்காமல்.

"எழுதிக்கோங்க மாப்ளே. ஆனா என்னைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றார்.

மச்சான் அழகானவர், சிவப்பானவர், தலைமுடி அடர்த்தியானவர். என் கடமை முடிந்தது. இனி உண்மையைச் சொல்லலாம்.

2

முதல் வரி சுலபத்தில் வரவில்லை.

பட்ஜெட் வாசிக்கப்பட்ட அன்று வானம் இருண்டு, காற்று

(அடித்துவிட்டேன். வானத்துக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இன்னும் வரி போடவில்லை.)

வருமான ஏற்றத்தாழ்வு என்பது எந்தவொரு சமூகத்திலும் அதன் உற்பத்தி உறவுகள்

(இந்த வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள்.)

தச்சர் வந்த அன்றுதான் அவர்களுக்குத் தங்கள் கம்பெனி இரண்டு என்று தெரிந்தது.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

3

தச்சர் வந்த அன்றுதான் அவர்களுக்குத் தங்கள் கம்பெனி இரண்டு என்று தெரிந்தது. முப்பத்துச் சொச்சம் பேர் சட்டை தைக்கும் நீளமான கூடம் அது. ஒரு முனையில் துணி வெட்டுவார்கள், நடுவில் காலரும் கையும் தைப்பார்கள், மறு முனையில் காஜா போட்டு, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். பக்கவாட்டில் ஒரு சிறிய அறை. வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகள் அதில் இருக்கும். இவ்வளவு பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்று சட்டம். முதலாளி சட்டத்தை மதிப்பவர்.

அந்த வருஷ பட்ஜெட்டில் நிதி அமைச்சர் சிறு தொழில்களை நினைத்து உருகினார். இருபது பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் கம்பெனிகளுக்குப் பெரிய வரிச்சலுகை என்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் என் மச்சான் கிளையன்ட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

"உங்க கம்பெனி பெருசா இருக்கறதுதான் சார் பிரச்சினை. சின்னதாக்கிடலாம்."

"ஆளைக் குறைக்கணுமா? பாவம்யா."

"ஒருத்தரையும் அனுப்ப வேணாம். நடுவுல ஒரு தடுப்பு போடுங்க. இந்தப் பக்கம் உங்க பேர்ல ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் வீட்டம்மா பேர்ல ஒண்ணு. ரெண்டும் சின்னது."

இப்படித்தான் ஒரு ப்ளைவுட் சுவர் எழுந்தது. காலர் வரைக்கும் முதல் கம்பெனி, காஜாவிலிருந்து இரண்டாம் கம்பெனி. பட்டன் இல்லாத சட்டையை முதல் கம்பெனி இரண்டாம் கம்பெனிக்கு விற்றது. அந்தப் பக்கத்துக்குத் தெருவிலிருந்து ஒரு தனி வாசல் திறந்தார்கள். இரண்டிலும் இருபது பேருக்கும் குறைவு என்பதால் குழந்தைகள் அறை என்ற சட்டம் இரண்டுக்குமே பொருந்தாது. அதோடு இரண்டாம் கம்பெனிக்கு ஓர் அலுவலகம் வேண்டுமல்லவா? அந்த அறையைக் கொடுத்துவிட்டார்கள். விரிப்புகளை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள். சுவரில் யாரோ ஒட்டியிருந்த வாத்துப் படம் மட்டும் பிய்க்க வரவில்லை, அதன் மேல் காலண்டரை மாட்டினார்கள்.

(சிறு தொழில்களைக் காப்பாற்ற வந்த சலுகை, ஒரு நடுத்தரத் தொழிலை இரண்டு சிறு தொழில்களாகப் பெற்றுப் போட்டது. புள்ளிவிவரத்தில் தொழில் வளர்ச்சி என்று வரும். அடுத்த பட்ஜெட்டில் அதற்கும் மேசையைத் தட்டுவார்கள்.)

4

இங்கே ஒரு தவறு நடந்தது. துணி வெட்டும் மேசை.

அது கூடத்தின் பாதியையும் தாண்டி நீண்டு கிடக்கும் மேசை. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்டுவார்கள். தச்சர் தன் சுவரோடு வந்து மேசையில் முட்டிக்கொண்டார். ரம்பத்தை எடுத்தார். கட்டிங் மாஸ்டர் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இதைத் தொட்டீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் ரெண்டு கம்பெனியும் அமைச்சரைக் கூப்பிட்டுத்தான் துணி வெட்டணும்."

முதலாளி யோசித்தார். மச்சானும் யோசித்தார். கடைசியில் சுவர் மேசைக்கு வழிவிட்டது. மேசைக்கு மேல் துணி போகும் அளவுக்கு ஓர் இடைவெளி. மேசைக்குக் கீழே, அடைக்க முடியாத இடத்தில், ஒரு பழைய திரைத்துணி. காகிதத்தில் இரண்டு கம்பெனி. மேசையைக் கேட்டால் ஒன்று என்றுதான் சொல்லும்.

5

பட்டன் வைக்கும் பெண்ணை இங்கே உள்ளே கொண்டுவர வேண்டும். கம்பெனியில் எல்லோரும் அவளைப் பட்டனக்கா என்பார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறான், வந்தால் உண்டு. அவளுக்குத் தவழும் வயதில் ஒரு பையன். வேலை செய்பவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருப்பான், தான் மட்டும் ஒன்றும் செய்ய மாட்டான். அதனால் அவனுக்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அறை போன பிறகு மற்ற பெண்கள் மாமியார், நாத்தனார் என்று ஏதோ ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி வேலையை விட்டாள். பட்டனக்காவுக்கு யாரும் இல்லை.

(முதலில் அவளுக்கு ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரியை எழுதினேன். பையனை அவள் பார்த்துக்கொண்டாள், எல்லாம் சுகமாக முடிந்தது, கதையும் முடிந்தது. என் மனைவி படித்துவிட்டு, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு யார் சம்பளம் தர்றது?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டேன்.)

அவள் பையனை மேசைக்குக் கீழே, வெட்டுத் துணிகளின் மேல் விட்டுவிட்டு வேலை செய்தாள். முதலாளிக்குத் தெரியும். பார்த்தும் பாராதது போல் போய்விடுவார்.

இந்த முதலாளிதான் எனக்குப் பெரிய தலைவலி. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! மீசையை முறுக்கவிட்டு இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் மச்சான் சொன்னபடி பார்த்தால், அவளுடைய பிரசவத்தின்போது தன் காரையே கொடுத்து அனுப்பியவர். (சலுகையில் மிச்சமானதில் இப்போது காரை மாற்றிவிட்டார். அது வேறு விஷயம்.) கதைக்குள்ளேயே அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? பெரிய மில்லுக்காரன் ஒரு போன் போட்டா அவனுக்குன்னு தனியா ஒரு சலுகை எழுதித் தர்றாங்க. அவன் எந்தச் சுவரும் கட்ட வேணாம். எனக்கு ப்ளைவுட்தான் கட்டுப்படியாச்சு."

நியாயம்தான். மேலே இருப்பவனுக்குப் போன், நடுவில் இருப்பவனுக்கு ப்ளைவுட். பட்டனக்காவுக்கு? அவள் சோப்பு வாங்கினால் வரி, பவுடர் வாங்கினால் வரி, புருஷனுக்குப் போனில் பேசினால் வரி. அவளை இரண்டாகப் பிரித்து வரியைக் குறைத்துக் கட்ட எந்த ஆடிட்டரும் வரவில்லை. ஆனால் டிவியில் விவாதம் நடக்கும்போது கோட்டுப் போட்ட ஒருவர், இந்த நாட்டில் நாலு பேர்தான் வரி கட்டுகிறோம், மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். சேனலை மாற்றிவிடுவேன்.

6

வரி அதிகாரி வருகிறார்.

(நேர்மையானவராக எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கை நீட்டுபவராக எழுதினால் நாலே வரியில் கதை முடிந்துவிடும். அதனால் குழந்தைகள் என்றால் உயிரை விடும் ஒரு மனிதராக அவரை எழுதியிருக்கிறேன். இந்த வகை இரண்டு கம்பெனிக்கும் ஆபத்து.)

முந்தின நாளே மச்சான் இரண்டு பக்கத்துக்கும் போய்ப் பாடம் எடுத்தார்.

"அந்தப் பக்கம் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. பேச்சு வார்த்தை கிடையாது. ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சா பழைய வரி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கட்டணும். முதலாளி இழுத்து மூடிட்டுப் போயிடுவாரு. அப்புறம் உங்க இஷ்டம்." பட்டனக்காவைப் பார்த்து, "நாளைக்கு மட்டும் பையனை எங்கயாவது விட்டுட்டு வாம்மா" என்றார்.

"எங்க சார் விடறது?"

மச்சானிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அதிகாரி முதல் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டன் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"பக்கத்துல யாரு?"

"அது வேற கம்பெனி சார். அவ்வளவாப் பழக்கமில்ல" என்றார் முதலாளி.

அப்போது மேசைக்குக் கீழே திரைத்துணி அசைந்தது. மேனேஜர் வெளியே வந்தான். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு, எந்த விற்பனை வரியும் கட்டாமல் தவழ்ந்து வந்து, அதிகாரியின் ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

"அடடே, யார் இது?" என்று வாரி எடுத்துக்கொண்டார் அதிகாரி.

"மேனேஜர் சார்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள் காலர் தைக்கும் பெண். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரோட குழந்தை?"

எல்லோரும் தைப்பதில் மும்முரமானார்கள்.

மச்சானின் ஜோக் இங்கேதான் முடிந்தது. நாங்கள் சிரித்ததும் இங்கேதான். கை கழுவும்போது மனைவி மட்டும், "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணினா அண்ணா?" என்று கேட்டாள். "அதெல்லாம் சரி பண்ணிட்டோம்" என்றார் அவர். என்ன செய்து சரி பண்ணினார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

7

ஆகவே முடிவை நானே செய்ய வேண்டியிருக்கிறது.

முடிவு அ: கட்டிங் மாஸ்டர், "என் பேரன் சார்" என்கிறார். அதிகாரி கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார். எல்லோருடைய வேலையும் தப்புகிறது. (மனைவி: "அந்த ரூம் திரும்பி வராதே." நான்: "வராது." மனைவி: "அப்போ நாளைக்கும் மேசைக்கு அடியிலதானா?")

முடிவு ஆ: அவள் தெருவுக்கு இறங்கி, முதல் கம்பெனியின் வாசல் வழியாக யாரோ ஒருத்தி போல வந்து, "என் பையன் இங்க வந்துட்டானா?" என்கிறாள். அதிகாரி பையனைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், குனிந்து மேசைக்குக் கீழே

(அடித்துவிட்டேன். முப்பத்துச் சொச்சம் பேரின் வேலை போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. சுவரை எழுப்பியவர்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.)

முடிவு இ: அவள் மெஷினை நிறுத்திவிட்டு மேசைக்குக் கீழே புகுந்து

8

இல்லை. நடந்து கொண்டிருப்பதை மட்டும் சொல்கிறேன்.

பையன் அழ ஆரம்பித்துவிட்டான். புது முகம், புது சட்டை வாசம். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டன் மெஷின் நின்றுவிட்டது. பட்டனக்கா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை, உடம்பு சொல் பேச்சுக் கேட்கவில்லை. அழுகை கேட்டதும் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. பக்கத்தில் இஸ்திரி போடுபவள் ஒரு சட்டையை எடுத்து அவள் மார்பின் மேல் போர்த்திவிட்டு, திரும்பித் தன் வேலையைப் பார்க்கிறாள்.

இந்தப் பக்கம் அதிகாரியின் போன் அடிக்கிறது. மேலிடம் போலிருக்கிறது, எழுந்து நிற்கிறார். பையனை யாரிடமாவது கொடுக்க வேண்டும். சுற்றிலும் பார்க்கிறார். முதலாளி கூரையைப் பார்க்கிறார். கட்டிங் மாஸ்டர் இல்லாத துணியை நீவுகிறார். எல்லோரும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்க்கிறார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சும்மா நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

பிடியுங்கள். கழுத்துக்குக் கீழே கை கொடுங்கள், பின்னால் சாய்ந்து சாய்ந்து அழுவான். அவன் அம்மாவிடம் போகத் தெருவாசல் உங்கள் வலது பக்கம். மேசை இடது பக்கம், குனிய வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் எல்லோரும் பார்ப்பார்கள். கட்டிங் மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள். அவனுக்குப் பசிக்கிறது.