சீட்டில் எழுதிய பெயர்

இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிற கைக்கு ஒருத்திக்குச் சோறாக்கத் தெரியாது. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த சிட்டாளுக்கு அந்தக் கஷ்டம்தான். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் வீட்டில் சோறு மிஞ்சும். மிஞ்சியதைக் காலையில் நீராகாரமாகக் குடித்துவிட்டு மறுபடி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு நாளைக்கு வீட்டில் பேசுகிற பேச்சு என்று எண்ணினால், கோழியை விரட்டுகிற சத்தம் மட்டும்தான்.

புருஷன் மாயக்கண்ணன் தச்சு வேலைக்காரன். செட்டியார் கடை ஒன்றோடு ரங்கூனுக்குப் போனவன். அறுபத்து மூன்றாம் வருஷம் வந்த கடிதம்தான் கடைசி. பிறகு அங்கே கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, நம்மவர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் ஊரில் குடியேறியபோது சிட்டாள் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். "மாயக்கண்ணன் ஆசாரியா? கேட்ட பேரா இருக்கே" என்றார்கள். எல்லாருக்கும் கேட்ட பேர்தான். பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அந்த அலைச்சலில் டைபாய்டு வந்து விழுந்தபோது கஞ்சி கொண்டு வந்து கொடுத்தவர்கள் சர்ச்சுப் பெண்கள். அவர்கள் படித்துக் காட்டிய வேதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எழுந்து நடமாடியதும் ஞானஸ்நானம் எடுத்து ராகேல் ஆனாள். நேமத்தான்பட்டியில் இருந்த கூடப்பிறந்தவர்கள், "புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியலை, இவளுக்குச் சாமி மாத்துறது கேக்குதாக்கும்" என்று வரத்துப்போக்கை நிறுத்திக்கொண்டார்கள். சர்ச்சுக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுடைய நல்லதனம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். நடுவில் ஆறு நாள் இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் கழித்தாக வேண்டும்.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் பிரதர் ஏனோக்கு வந்தார். நாலு நாள் கூட்டம், பெரிய பந்தல், ஒலிபெருக்கி. தீர்க்கதரிசன வரம் பெற்றவர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. முதல் நாளே பந்தல் வாசலில் மேசை போட்டு ஜெபச்சீட்டு கொடுத்தார்கள். குறையை எழுதிக் கொடுத்தால் பிரதர் அதைத் தொட்டு ஜெபிப்பார் என்றார்கள். சிட்டாள் பென்சிலை வாங்கிப் புருஷன் பேரை எழுதி முடித்ததும் மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது, மாயக்கண்ணனா? இந்துச் சாமி பேராச்சே அது. அப்பிடிப் பேரு போட்ட சீட்டை மேடைக்குக் கொண்டுபோக முடியாதும்மா. ஆசீர்வாதம் தடைபட்டுப் போகும்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு சீட்டு வாங்கினாள். இயேசுவை வளர்த்த தச்சன் பேரான யோசேப்பு என்று எழுதினாள். தச்சனுக்குத் தச்சன் பேர்தானே, இதில் என்ன பெரிய பொய் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'கணவர். ரங்கூன். ஐந்து வருஷமாகக் கடிதம் இல்லை' என்று கீழே எழுதி மடித்துக் கொடுத்தாள். அவன் ஞானஸ்நானம் பெறாதவன். பெண்சாதி கிறிஸ்தவளானதுகூட அவனுக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் பிரதர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். கண்ணை மூடினார். பந்தல் அடங்கிப்போயிற்று.

"ஒரு பெயர் என் காதில் விழுகிறது. யோசேப்பு. கடலுக்கு அப்பால் இருக்கிற யோசேப்பு. மகனே, உன் தாய் தொட்டிலில் யோசேப்பு என்று உன்னை அழைத்தபோதே நான் உன்னை அறிந்திருந்தேன் என்கிறார் கர்த்தர். உன் மனைவி இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னே நீ அவள் வாசலில் வந்து நிற்பாய். அவள் சந்தேகப்படாதிருந்தால் மாத்திரம்."

சிட்டாள் எழுந்து நின்றுவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இத்தனை கை தன் மேல் பட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. வீடுவரை கூடவே வந்து விட்டுப் போனார்கள். அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷம் பொய்யில்லை.

பாயில் படுத்த பிறகுதான் அந்தத் தொட்டில் வந்து உறுத்தியது. மாமியார் பெருமாளுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை அவன். யாராவது சுருக்கமாகக் கண்ணா என்று கூப்பிட்டால்கூடச் சண்டைக்குப் போவாள் அந்த மனுஷி. அவள் வாயில் யோசேப்பு எங்கிருந்து வந்தது? அந்தப் பேர் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்தச் சீட்டில்.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். வயிறு நிறைந்தவன் கேட்கிற கேள்வி அது. பசித்தவள் கேப்பையைத் தடவித்தான் பார்ப்பாள். சிட்டாளும் தடவிப் பார்த்தாள். கர்த்தர் மனமிரங்கி அந்தப் பொய்யையே ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். ஊருக்கு வந்ததும் ஞானஸ்நானம் வாங்கி அவன் யோசேப்பாகத்தான் ஆகப்போகிறானோ என்னவோ, கர்த்தருக்கு முன்கூட்டியே தெரியாதா என்றும் நினைத்தாள். பிரதருக்காக அவளே வக்கீலாக நின்று வாதாடினாள். சந்தேகப்பட்டால் வரமாட்டான் என்று வேறு சொல்லியிருக்கிறாரே. யோசிக்கவே பயமாக இருந்தது. மறுநாள் போய் ஒரு நாலுமுழ வேட்டி வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு கூட்டம் முடிந்து பிரதர் வேறு ஊருக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுத்த தெரு சாலா வந்தாள். அவளும் அதே சர்ச்சுதான். ஒன்பது வயது மகள் சொர்ணத்துக்கு வலிப்பு. மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தினம் பொழுது சாயும்போது கொடுத்தாக வேண்டும்.

"அக்கா, மாத்திரைய நிப்பாட்டிட்டேன்" என்றாள் சாலா.

"என்னடி சொல்ற?"

"பிரதர்தான் கடைசி நாள் சொன்னாருல்ல. ஒரு கையில மாத்திரை, ஒரு கையில விசுவாசமுன்னு வச்சுக்கிட்டு நின்னா ரெண்டுமே பலிக்காதுன்னு. ரெண்டு நாளாச்சு. இன்னைக்குக் காலையில கை மட்டும் லேசா இழுத்துச்சு. அப்பிடி இழுத்தா அது பிசாசு சோதிக்கிறதுன்னு அவரு முன்னாடியே சொல்லிட்டாரு."

"உன் வீட்டுக்காரக ஒண்ணும் சொல்லலையா?"

"அவுகளுக்குப் பயம்தான். எனக்கும் பயமா இருந்துச்சுக்கா. ஆனா உங்களுக்குப் பேரோட சொன்னாரே. யாருக்குத் தெரியும் உங்க வீட்டுக்காரக பேரு? எனக்கே தெரியாது. அதைப் பாத்துத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

சொல்லிவிட்டுச் சாலா சிரித்தாள். அவள் போன பிறகு சிட்டாள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். கேட்கிறதையெல்லாம் நம்பாமல் சோதித்துப் பாருங்கள் என்று சர்ச்சில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எதை வைத்துச் சோதிப்பது என்று அவர் சொன்னதில்லை. தான் எழுதிய பொய்யே சோதனையாக அமைந்துவிட்டது அவளுக்கு. அதைச் சொன்னால் சர்ச்சில் தலை காட்ட முடியாது. அதுகூடப் போகட்டும். வாய் திறந்து சொல்லிவிட்டால் வாசலில் வந்து நிற்கப்போகிறவனும் இல்லாமல் போவான். சொல்லாமல் இருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்குமாவது அவன் வந்துகொண்டே இருப்பான்.

ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கை இழுத்திருக்கிறது. பிரதருடைய வாக்கைத் தாங்கி நிற்கிற தூண் தான்தான் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அடுப்பைப் பற்றவைக்காமலே சிட்டாள் எழுந்து சாலா வீட்டுக்கு நடந்தாள்.

சொர்ணம் வாசலில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சாலா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாலா, எங்க வீட்டுக்காரக பேரு யோசேப்பு இல்லை."

"என்னக்கா?"

"மாயக்கண்ணன். அவுகளை யோசேப்புன்னு அவுக ஆத்தாவும் கூப்புட்டதில்லை, நானும் கூப்புட்டதில்லை. சாமி பேருன்னா சீட்டை எடுக்க மாட்டோமுன்னாக. பொய்யாத்தான் எழுதுனேன். அந்தப் பொய்யத்தான் அந்த மனுசன் மேடையில நின்னு வாசிச்சாரு. கர்த்தர் சொல்லியிருந்தா அவுக பேரைச் சொல்லியிருப்பாரு."

சாலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க பொய் எழுதிட்டு ஊழியக்காரர் மேல பழி போடுறீகளா? கர்த்தரையே ஏமாத்தப் பாத்திருக்கீகளே."

"ஆமா. அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். எனக்கு அவரு சொன்னது நெசமுன்னுதானே மாத்திரைய நிப்பாட்டுன? அது நெசமில்லை. பிள்ளைக்கு மாத்திரையக் குடு. குடுத்துட்டு ஜெபம் பண்ணு. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

சாலா வாசலில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கைக் கீழே வைத்தாள். பெட்டிக்கடியில் கிடந்த புட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர்ச் செம்போடு வந்து மகளைக் கூப்பிட்டாள். சொர்ணம் எப்போதும்போல முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். விழுங்கிவிட்டாளா என்று சாலா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அது தோன்றியது போல.

"அக்கா, அப்ப அவுக வரமாட்டாகளா?"

"வரமாட்டாகன்னு யாரும் சொல்லலை சாலா" என்றாள் சிட்டாள். "வருவாகன்னும் யாரும் சொல்லலை. எங்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்லலை."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடிதம் நின்றபோது வராத அழுகை, கடைசிக் கப்பலும் வந்து முடிந்தபோதுகூட வராதது. சாலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செம்பில் மிஞ்சியிருந்த தண்ணீரைச் சிட்டாள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.