முகம் பதித்த சோப்பு

என் அக்காள் மகளின் முகம் ஒரு சோப்பின் மீது இருந்தது. உறையின் மீதல்ல. உறையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. 'இதை வாங்குங்கள், ஒரு குழந்தை நடக்கும்' என்று அவ்வெழுத்துகள் கூறின. உறையைப் பிரித்தால், வெண்ணிறக் கட்டியின் நடுவே எங்கள் சிட்டு மேடாகப் புடைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சோப்புக்கு அச்சுப் பதிக்கும் இயந்திரத்தில்தான் எனக்கு வேலை. மிதியை அழுத்துவேன், மேலச்சு இறங்கும், சிட்டு பிறப்பாள். நாள் முழுவதும் அவளைப் பெற்றுப் பெற்றுப் பெட்டிக்கு அனுப்பிய சித்தி நான்.

சிட்டுவுக்குப் பிறவியிலேயே இடக்கால் சூம்பியிருந்தது. காலுக்கு இரும்புத் தாங்கி மாட்டினால் நடப்பாள் என்று மருத்துவர் சொன்னார். அதை அறிந்த எங்கள் முதலாளி தாமே முன்வந்து தாங்கி வாங்கிக் கொடுத்தார். மேடை போட்டு, விளக்குகள் எரிய, புகைப்படக்காரர்கள் சூழக் கொடுத்தார். அந்த மகிழ்ச்சியில் அக்காள் கையெழுத்திட்ட தாளில், குழந்தையின் முகத்தை அவர் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்றிருந்தது. சுவரொட்டியில் போடுவார்கள் என்று நாங்கள் எண்ணினோம். குளிக்கிற பொருளின் மீது ஒரு பிள்ளையின் முகத்தைப் பதிக்கலாம் என்னும் எண்ணம் எங்கள் நிறுவனத்தாருக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

சோப்பு அமோகமாக விற்றது. சிட்டுவும் வளர்ந்தாள். தாங்கி வளரவில்லை.

புதிய தாங்கிக்காக அக்காள் தெருவில் உதவி கேட்டாள். முன்பெல்லாம் ஒரு துன்பமென்றால் தம்மால் இயன்றதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எங்கள் தெருவினர். இப்போது அவர்கள் வியப்போடு பார்த்தார்கள். மாடிவீட்டு அம்மாள் அக்காளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, அலமாரியில் அடுக்கியிருந்த சோப்புகளைக் காட்டினாள்.

"நாங்கதான் மாசாமாசம் உங்க பொண்ணுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கோமே. அதுக்கு மேலயும் கேட்டா எப்படிம்மா?"

அவள் மீது எனக்குச் சினமில்லை. கொடுத்தாயிற்று என்னும் நிம்மதியையும் சேர்த்தல்லவா அந்த உறைக்குள் சுற்றி விற்றார்கள்? நிம்மதியை விலை கொடுத்து வாங்கியவர்களிடம் மறுபடியும் போய்க் கை நீட்ட முடியாது.

இதுவும் போகட்டும். பள்ளியில் பிள்ளைகள் சிட்டுவைச் சூழ்ந்துகொண்டு, "உன் மூக்க நேத்தே தேச்சு முடிச்சாச்சு, இன்னைக்குக் கண்ணு" என்று பாடத் தொடங்கினார்கள். அவள் பள்ளிக்குப் போக மறுத்தாள். பிறகு வாசலுக்கு வரவும் மறுத்தாள். உறவினர் வீட்டுக் குளியலறையில், கண்ணும் வாயும் கரைந்து வழவழப்பாகிப்போன தன் முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டே வீடுவரை வந்தாளாம். அன்றிரவு அவள் உண்ணவில்லை. "என்னை அதுலருந்து எடுத்துடச் சொல்லும்மா" என்று ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆகவே நானும் அக்காளும் முதலாளியிடம் சென்றோம். தாங்கியைப் பற்றிக் கேட்டபோது, ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் என்றார். பணியாளர்களுக்குச் சோப்பு விலை குறைவு, உறவினரையும் வாங்கச் சொல்லுங்கள், நன்மை பெருகும் என்றும் அறிவுரை கூறினார். அக்காள் தாங்கியை விட்டுவிட்டு முகத்துக்கு வந்தாள்.

"அந்த முகத்த மட்டும் எடுத்துடுங்கய்யா. தேயிறதப் பாத்துப் பிள்ளை அழுவுது."

முதலாளி குரலை உயர்த்துகிறவர் அல்லர். புன்னகையோடுதான் சொன்னார்.

"தேஞ்சாத்தானேம்மா அடுத்தது வாங்குவாங்க."

அறையில் இருந்த விளம்பர மேலாளர் சிரித்தார். முதலாளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தம் முகத்தைப் போடச் சொன்னால் இன்றே போடுவதாகவும், தமக்கொன்றும் கூச்சமில்லை என்றும், வாங்கத்தான் ஆளிருக்காது என்றும் கூறினார். மேலாளர் மறுபடியும் சிரித்தார்.

வாயிற்கதவு வரையில் அக்காள் விறுவிறுவென்று நடந்தாள். வெளியே வந்ததும் நின்றாள்.

"இந்த ஆளு மூஞ்சிய ஊரே தேக்கணும்டி. நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

மற்றவர்கள் அதை வயிற்றெரிச்சலில் சொன்ன சொல் என்று விட்டிருப்பார்கள். நான் அச்சு இயந்திரத்தில் வேலை செய்கிறவள். எனக்கு அது ஒரு வேலைக் கட்டளையாகவே ஒலித்தது.

எங்கள் தொழிற்சாலையில் பித்தளை அச்சுகளை வெட்டுபவரை அச்சண்ணன் என்போம். மறுநாள் அக்காள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபோட்டோல உங்க பொண்ணு சிரிக்கலம்மா," என்றார். "சிரிக்க வைங்கன்னு மேலாளர் சொன்னாரு. நான்தான் உதட்ட வளைச்சு வெட்டினேன். அந்தச் சிரிப்பு என்னோடது."

சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். முதலாளியின் படம் அலுவலக வாயிலில் பெரிதாகத் தொங்கியது. உணவு இடைவேளைதோறும் அதன் கீழ் அமர்ந்து அச்சண்ணன் சாப்பிடலானார். சில நாள்களில் ஒரு துணிப்பொதியை என் இயந்திரத்தின் மீது வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன்; பித்தளை அச்சில் முதலாளியின் முகம். இரட்டை நாடி, காதோர நரை, நெற்றிச் சுருக்கம் எதுவும் தப்பவில்லை. சிரிப்பை மட்டும் அவர் வெட்டவில்லை.

கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கிருந்ததா என்றால், இல்லை. அச்சிறங்கிய கையோடு கட்டிக்கு இயந்திரமே உறையிட்டுவிடும்; உறையிட்ட கட்டியை எங்கள் தொழிற்சாலையில் எவரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அது கழிவு; கழிவின் விலை பிரித்தவரின் கூலியில் பிடிக்கப்படும். எனவே சோதனையாளர் எடையைப் பார்ப்பார், உறையின் ஒட்டைப் பார்ப்பார், அத்தோடு அனுப்பிவிடுவார். சிக்கனம் கருதி அந்த விதியை எழுதியவர் முதலாளியேதான்.

அவருக்குக் கொடைச்செம்மல் விருது வழங்கும் பகல் விருந்து நெருங்கியது. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் பரிசுப் பையில் ஒரு சோப்பு. கைகழுவும் தொட்டிகளிலும் அதே சோப்பு. அந்தத் தொகுதி என் இயந்திரத்துக்கே வந்தது. அச்சை மாற்றினேன். மிதியை அழுத்தினேன். அத்தனை மகிழ்ச்சியோடு நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

சிட்டுவை மேடைக்கு அழைத்துவரும்படி அக்காளுக்கு ஆணை வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அக்காள் தனியே வந்தாள். கைகழுவுமிடத்தில் சோப்புகளை உறை பிரித்து வைத்துத் துண்டு கொடுக்கும் பணி எனக்கு. அக்காள் என் அருகில் வந்து நின்றுகொண்டாள்.

விருந்து முடிந்தது. முதலில் வந்த துணிக்கடைக்காரர் கட்டியை நீரில் நனைத்தார்; உற்றுப் பார்த்தார்; பின்னால் நின்றவரிடம் நீட்டினார்.

"பாத்தீங்களா? அந்தக் கால் முடியாத புள்ளையத் தூக்கிட்டுத் தன் மூஞ்சியப் போட்டுட்டாரு."

"தர்மம் பண்றதே தன்னைக் குளிப்பாட்டிக்கத்தானேங்க," என்றார் மற்றவர்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. யாரோ செய்த குறும்பு என்றே எண்ணுவார்கள் என்று நினைத்திருந்தோம். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. அவர் இப்படிச் செய்யக்கூடியவர்தாம் என்று அத்தனை பேரும் உடனே நம்பினார்கள். வரிசை நீண்டது. நுரை பொங்கியது. குழம்பும் எண்ணெயும் படிந்த விரல்கள் அவருடைய கன்னத்தையும் கண்ணையும் மாறி மாறி வழித்தன. அக்காள் ஒவ்வொரு தொட்டியாக நின்று, கண் இமைக்காமல் பார்த்தாள்.

விருதுக் குழுத் தலைவி கை கழுவாமலே திரும்பிப் போனார். மேடையில், ஒலிபெருக்கி கையில் இருக்கும்போதே, பரிசுப் பையிலிருந்த கட்டியின் உறையைப் பிரித்து முதலாளியிடம் காட்டினார்.

"இது உங்க முகந்தானே?"

இல்லை என்றால், தம் தொழிற்சாலையிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதே அறியாதவர் ஆவார். கூட்டம் காத்திருந்தது. பல்லாண்டுப் பழக்கத்தால் அவர் உதடு தானாகவே புன்னகைத்தது.

"ஆமாங்க. ஒரு புது முயற்சி."

எவரும் கை தட்டவில்லை. தலைவி விருதை அவர் கையில் கொடுக்காமல் மேசை மீது வைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை அக்காளையும் என்னையும் அவர் தம் அறைக்கு அழைத்தார். மேலாளர் அங்கு இல்லை. யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. சூழ்ச்சி செய்தவர்கள் நாங்களே என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டால் புதிய தாங்கி உடனே வரும். மறுத்தால், இன்று மாலைக்குள் சிட்டுவின் முகம் மறுபடியும் சோப்பில் ஏறும்.

அக்காள் மேசையருகே ஓரடி முன்னே வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"நீங்கதான் ஆமான்னு சொல்லிட்டீங்களேய்யா. இனி நாங்க வேற மாதிரி சொன்னா, மேடையில நீங்க சொன்னது பொய்யின்னு ஆயிடுமே."

"அப்ப உன் பொண்ணு மூஞ்சிதான் வரும்."

"போடுங்க. தன் மூஞ்சி செல்லலன்னதும் நொண்டிப் பிள்ளைய மறுபடி தூக்கிட்டு வந்துட்டாருன்னு ஊரு பேசும். பேசட்டும். போடுங்கய்யா."

 முதலாளி தம்மைச் சுற்றி எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார் போலும். இறுதியில், போகலாம் என்று கையசைத்தார்.

அன்று மாலை வெற்று அச்சு ஒன்று என் இயந்திரத்துக்கு வந்தது. முகமில்லை, எழுத்தில்லை. மறு வாரம் என்னைச் சோப்புக் காய்ச்சும் கொப்பரைப் பகுதிக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு நீக்க அவரால் இயலாது; நீக்கினால் காரணம் கூற வேண்டும்.

சிட்டு பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். தாங்கி இன்னும் குட்டையாகவே இருக்கிறது. அதனால் சற்றுச் சாய்ந்தே நடக்கிறாள். அந்தச் சாய்வையும் அவருடைய கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கொப்பரையின் முன் நிற்கும்போது, கொதிக்கும் கொழுப்பைக் கிளறிக்கொண்டே, அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.