கை வைத்தால் சுடாத சூடு

அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடலாமா என்று மகள் மூன்றாவது முறையாகக் கேட்டாள். உன் பேராசிரியர் வந்து முகம் பார்க்கட்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அவர் பார்த்துவிடுவாரே என்பதுதான் மகளின் பயம்.

அப்பா மருத்துவமனையில் கொதிகலன் பார்த்தவர்; முப்பது வருஷம் நீராவியோடு மல்லுக்கட்டியவர். மகள் ஆராய்வதோ விண்மீன் மண்டலங்களுக்கு வெளியே சுற்றிப் பரந்துகிடக்கும் மின்னேறிய வாயுவை. பத்து லட்சம் டிகிரி இருக்கும், ஆனாலும் கை வைத்தால் சுடாது, வாளி அளவு இடத்தில் ஒன்றிரண்டு துகள்தான் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவைத்தாள். சுடாத சூடா என்று சிரித்தவர், கொதிகலன் அறையில் ஒருவர் விடாமல் அதையே சொல்லிக் காதைப் புளிக்கவைத்தார்.

போன மாதம், அவள் வீட்டில் மறந்துவைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஹீட்டர் பாக்க வந்தவரா?" என்று பேராசிரியர் கேட்டார்.

ஆமாம் என்றாள் மகள். வாய் தவறி வந்ததல்ல. பக்கத்தில் பெரிய விருந்தாளிகள் இருந்தார்கள். அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியை மேசையோரம் வைத்துவிட்டு, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நாலு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த ஹீட்டர் வால்வின் முன்னால் உட்கார்ந்தார். அவள் விருந்தாளிகளோடு நகர்ந்துவிட்டாள். வீட்டில் அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. மன்னிப்பை அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். நேற்றுக் காலை மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

பேராசிரியர் வந்தார். பெட்டியருகே குனிந்தவர் நிமிர நேரமெடுத்தார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"வால்வை முடுக்கிட்டே பேசிட்டிருந்தாரும்மா. வாளிக்கு ரெண்டு துகள்தான், அதான் சுடாதுன்னாரு. அசந்துட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டேன். எம்பொண்ணும் இதான் படிக்குதுன்னாரு."

அம்மா பெருமையோடு தலையாட்டினாள்.

"எங்க படிக்குதுன்னேன். வெளியூர்லன்னு சொல்லிட்டாரு."

அம்மா புரியாமல் மகளைப் பார்த்தாள். தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது மகளுக்கு.

"வெளியூர் இல்ல சார்," என்றாள். "பக்கத்து ரூம்ல காபி குடிச்சிட்டிருந்தேன்."

பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று மகள் தடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவின் கட்டைவிரல் நகத்தடியில் கழுவியும் போகாமலிருந்த கரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.