பதினஞ்சுக்குப் பதினஞ்சு

குமுதா வாயைத் திறந்தா கிள்ளான்ல பாதி ஊருக்குக் காது வலிக்கும்னு என் வீட்டுக்காரர் சுகுமாறன் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. பொய்யின்னு நான் சொல்லல. இருபது வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறவ கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கிட்டிருந்தா பிள்ளைங்க ஜன்னல் வழியாக் குதிச்சுப் போயிடும்.

அன்னிக்குக் காலையில மழை விட்டதும் வேனோட முன்கண்ணாடியைத் துடைக்கலாம்னு டயர் மேல ஏறி நின்னேன். செருப்பு வழுக்கிருச்சு. காதுக்கு மேல மண்டை போய் ரோட்டோர சிமெண்டுக் கட்டுல இடிச்சது. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் எந்திரிச்சு உக்காந்து, "எவன்டா என் செருப்பைத் தூக்கிட்டுப் போனது?"ன்னு கத்தினேனாம். செருப்பு என் காலிலேயே இருந்துச்சாம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னப் பொண்ணு. நம்ம தமிழ்ப் பிள்ளைதான், ஷாமினின்னு பேரு. கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுக் கேட்டா.

"ஆன்டி, இப்ப எங்க இருக்கீங்க?"

"ஜென்டிங் மலை மேல. குளிரு நடுக்குது பாரு."

அவ எழுதறதை நிறுத்திட்டா. "இது என்ன மாசம் ஆன்டி?"

"ஏன், உன் மேஜையில காலண்டர் இல்லியா?"

சுகுமாறன் பதறிப்போயிட்டாரு. "டாக்டர், அவ வாய் எப்பவுமே அப்படித்தான். ஒழுங்காப் பதில் சொல்லு குமுதா, மார்க் போடுறாங்க லா!"

மார்க்காம்! தலையில அடிபட்டவங்களுக்கும் பரீட்சை வச்சிருக்காங்க. கண்ணைத் திறக்கறதுக்கு நாலு, பேச்சுக்கு அஞ்சு, சொன்னபடி கையைக் காலை அசைக்கறதுக்கு ஆறு. எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு. பதிமூணும் அதுக்கு மேலயும் வாங்கினா லேசான அடி. ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நடுத்தரம். எட்டோ அதுக்குக் கீழயோ போனா மோசம். ஒண்ணுமே செய்யாம மரக்கட்டையாக் கிடந்தாலும் மூணு மார்க் உண்டாம். ஸ்கூல்ல எனக்கு இப்படிக் குடுத்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்.

சரின்னு ஒழுங்காச் சொன்னேன். பதினஞ்சுக்குப் பதினஞ்சு. "லேசானதுதான் ஆன்டி. ஆனாலும் சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருங்க, மணிக்கொரு தரம் வந்து கேட்போம். மறுபடி ஜென்டிங்னு சொல்லிடாதீங்க"ன்னு சிரிச்சுட்டுப் போனா. சுகுமாறன் ரோட்டுல நின்ன வேனை எடுத்துட்டு வரேன்னு கிளம்பினாரு.

மத்தியானத்துக்கு மேல கட்டிலைச் சுத்தியிருந்த பச்சைத் திரை மெதுவா அசைய ஆரம்பிச்சது. காத்தே இல்ல. திரைக்கு அந்தப் பக்கம் ரோடு தெரிஞ்சது. நான் வேன் ஓட்டிக்கிட்டிருக்கேன். கிள்ளான் ஆத்துப் பாலம்தான், ஆனா முடியவே இல்ல, போய்க்கிட்டே இருக்கு. ஆத்துத் தண்ணி ரோடு மட்டத்துக்கு ஏறி டயரைத் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போகுது. பயமே வரல. பின்னால பிள்ளைங்க சத்தம் போடாம உக்காந்திருக்குங்க. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெத்ததுங்ககூட அதே நீல பினஃபோர் யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, பையை மடியில வச்சுக்கிட்டு வருதுங்க. யாரும் ஹார்ன் அடிக்கல. தலைக்குள்ள ஏதோ வெதுவெதுப்பா நிறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. அப்படி ஒரு நிம்மதியை நான் என் ஜென்மத்துல பார்த்ததில்ல.

பாலத்து ஓரமா சுகுமாறன் நின்னாரு. கட்டில் பக்கத்துலதான் நின்னிருப்பாரு, எனக்கு அப்படித் தெரிஞ்சது.

"குமுதா, கோபப்படாத. பார்க்கிங்ல வேனைத் தூண்ல இடிச்சுட்டேன். வலது பக்கக் கண்ணாடி போயிருச்சு."

என் வேனை நான் ஒருத்தரையும் தொடவிட மாட்டேன். போன தீபாவளிக்கு அவர் தம்பி சும்மா டயரை உதைச்சுப் பார்த்ததுக்கே அந்த ஆளோட ஒரு மாசம் பேசல. ஆனா அந்தப் பாலத்துல எனக்குப் பின்னால ஒரு வண்டியும் வரல. அப்புறம் கண்ணாடி எதுக்கு?

"பரவாயில்ல லா, கண்ணாடிதானே"ன்னு சிரிச்சேன். "போய் ஒரு தே தண்ணி குடிச்சுட்டு வா."

அவர் முகம் வெளுத்துப்போச்சு. ஓடிப்போய் ஷாமினியைக் கையோட கூட்டிட்டு வந்தாரு. அவ திரும்பவும் எல்லாத்தையும் கேட்டா. பேரு சொன்னேன், ஆஸ்பத்திரின்னு சொன்னேன், மாசம் சொன்னேன், கையை அழுத்தச் சொன்னா அழுத்தினேன்.

"அங்கிள், பதினஞ்சுக்குப் பதினஞ்சு. காலையை விட நல்லாவே பதில் சொல்றாங்க."

"அதான் டாக்டர் பயமா இருக்கு! வேனை இடிச்சுட்டேன்னு சொல்றேன், திட்டவே மாட்டேங்குறா. இது என் குமுதா இல்ல."

பக்கத்துக் கட்டில்காரங்க சிரிச்சாங்களாம். ஷாமினி சிரிக்கல. "கூடவே வாழறவங்க ஆள் மாறியிருக்குன்னு சொன்னா அதுவும் ஒரு அறிகுறிதான் அங்கிள். அதுக்கு எங்ககிட்ட மார்க் இல்ல, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு, அப்பவே ஸ்கேனுக்குத் தள்ளச் சொன்னா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

தள்ளிட்டுப் போறப்பவே பாலம் கீழ இறங்க ஆரம்பிச்சது. எங்கயோ மேல யாரோ மார்க் சொல்லிக்கிட்டே வந்தாங்க. "பதிமூணு." வேன் நின்னுச்சு, ரெண்டு பிள்ளைங்க இறங்கிப் போச்சுங்க. "பத்து." இன்னும் கொஞ்சம் இறங்குச்சுங்க. ஒண்ணுகூட டாட்டா காட்டல. "எட்டு." வேன் காலி. சரி, வேலை முடிஞ்சது, நாமளும் இறங்கிடலாம்னு கதவுல கை வச்சேன்.

கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி வலது கண்ணாடியைப் பார்க்கறது என் பழக்கம். பார்த்தேன். அங்க வெறும் கம்பி துருத்திக்கிட்டு நின்னுச்சு. எந்த மடையன் என் வேனைத் தொட்டான்னு எனக்கு அடிவயித்துலேருந்து எரிச்சல் வந்துச்சு பாருங்க, கதவை விட்டுட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டேன்.

மண்டை ஓட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கசிஞ்சு மூளையை அமுக்கிக்கிட்டு இருந்துச்சாம். ஆபரேஷன் பண்ணி, மண்டை ஓட்டைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா பிழைச்சிருக்க மாட்டேன்னு ஷாமினி அப்புறமாச் சொன்னா.

கண்ணைத் திறந்தப்ப அவதான் குனிஞ்சு நின்னா. "ஆன்டி, எங்க இருக்கீங்கன்னு தெரியுதா?"

நான் அவளைப் பார்க்கல. அவளுக்குப் பின்னால, முகம் சவரம் பண்ணாம, கசங்கின சட்டையோட நின்ன ஆளைத்தான் பார்த்தேன். தொண்டை எரிஞ்சது, ஆனாலும் விடல.

"யோவ், உனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா தெரியாதா? யாரைக் கேட்டு என் வேனைத் தொட்ட?"

அந்த மனுஷன் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுதாரு. நான் விடாமத் திட்டிக்கிட்டே இருந்தேன். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன். அவ்வளவுதான், அவர் அழுகை சட்டுனு நின்னுபோச்சு. கண்ணெல்லாம் பயம்.

"ஏன் குமுதா நிறுத்திட்ட?"ன்னாரு. "திட்டு."